ஒட்டிய உறையில் ஆறாம் பாடம்

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் கிருபையால் நலம். பின்கட்டுத் தண்ணீர்க் குழாய் மட்டும் நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கண் அறுவைக்குப் பிறகு தங்களுக்கு வெளிச்சம் எப்படித் தெரிகிறது, அக்காவின் முழங்கால் இப்போது எத்தனை படி ஏறுகிறது என்று அறிய ஆவல்.

தங்களுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அக்காதான் உரக்க வாசித்துக் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆகையால் முதலில் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அக்கா, இந்தக் கடிதத்தில் சில பத்திகளின் தலையில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அவை அந்த விஷயத்தைத் தொட்டு வருபவை. நட்சத்திரத்தைக் கண்டதும் நீ கண்ணை மூடிக்கொண்டு கடிதத்தை அத்தான் கையில் கொடுத்துவிடு. அவர் பூதக்கண்ணாடி வைத்து மெதுவாக வாசித்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டால் பத்தி முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான்.

★ அத்தான், இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் நம் சபையின் போதகராக இருந்த தாங்கள் திருமண ஆயத்த வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்து, அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அதற்கு ஆசிரியனாகப் போட்டீர்கள். ஏன் நான் என்று கேட்டதற்கு, “உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் தப்பான எண்ணமே வராதுடா” என்றீர்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பாடங்கள் ஆறு. கல்யாணம் என்பது உயிர் உள்ளவரை, இடையில் இறங்கும் நிறுத்தம் கிடையாது என்பது முதல் பாடம். கணவனே தலை என்பது இரண்டாம் பாடம். (இந்தப் பாடத்தின்போது என் மனைவி தேநீர் கொண்டுவருவாள். கொண்டுவந்து வைத்துவிட்டு, “அந்த ஜன்னலைச் சாத்துங்க, காத்து அடிக்குது” என்பாள். நான் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து பாடத்தைத் தொடருவேன்.) தாய் தகப்பனை விட்டு வந்த பிறகு வாரத்துக்கு எத்தனை தடவை திரும்பிப் போகலாம் என்பது மூன்றாவது. கல்யாணத்துக்கு முன் கைகள் எங்கே இருக்க வேண்டும் என்பது நான்காவது. அவரவர் கை அவரவர் மடியில். சேர்ந்து ஜெபிப்பது ஐந்தாவது. ஆறாவது பாடம்தான் அந்த விஷயம்.

★ அதை வாயால் சொல்லித்தர நமக்குள் ஒருவருக்கும் துணிவு இல்லாததால், தாங்களே கைப்பட எழுதி, நான்காக மடித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம் கொடுத்தீர்கள். இருநூறு நகல் எடுத்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும், ஆனால் நான் வாசிக்கக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். “நீ வாசிச்சா வகுப்புல உன் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்” என்றீர்கள். ஆக, தங்கள் ஊழியம் முழுவதும் என் மூஞ்சியை நம்பியே நடந்திருக்கிறது. உறையின் மேல் என்ன அச்சடிக்க வேண்டும் என்பதையும் தாங்களே சொன்னீர்கள்: “திருமணத்துக்குப் பின் கதவைச் சாத்தி, ஜெபித்து, இருவருமாக வாசிக்கவும். வாசித்ததை ஒருவரோடும் பேசலாகாது.” முப்பத்தாறு வருஷம் சோப்பு விளம்பரம் முதல் மரண அறிவிப்புவரை கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வாசித்து வாழ்ந்தவன் நான். வாசிக்காமல் விட்ட ஒரே தாள் அதுதான். இரவு பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து என் மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் எடுத்துப் போய், எழுத்து கீழே இருக்கும்படி இயந்திரத்தில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நகல் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மடித்து ஒட்டினேன். மூன்று நாள் கழுத்து வலித்தது. இன்றுவரை அறுபத்து மூன்று தம்பதிகள் அந்த உறையை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. பாடம் சிறப்பாக இருக்கிறது போலும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது புதுப் போதகர் விஷயத்துக்கு வருகிறேன். வயது இருபத்தொன்பது. கொள்கையில் தங்களைவிடக் கெட்டி. கல்யாணத்துக்கு வெளியே எதுவும் ஆகாது என்பதில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரே வித்தியாசம், தாங்கள் எது ஆகாது என்று சொல்கிறீர்கள் என்பது பல வருஷம் பிரசங்கம் கேட்டும் எங்களுக்குத் தெரியவந்ததில்லை. இவர் பெயர் சொல்லிச் சொல்கிறார். ஒலிபெருக்கியில் சொல்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் கொடுத்த ஈவைப் பற்றிப் பேச வெட்கம் எதற்கு என்று ஆரம்பித்து, அந்த விஷயத்தின் பெயரை முழுதாக, ஓர் எழுத்துக் குறையாமல் உச்சரித்துவிட்டார். ஆர்கன் வாசிக்கும் அம்மாளின் இரண்டு கையும் கட்டைகள்மேல் விழுந்து, பத்து விரலுக்கும் பத்துச் சத்தம் வந்து அப்படியே நின்றது. வாசல் காக்கிறவர் ஓடிப்போய்த் தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார். பெண்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கைப்பையில் ஏதோ தேட வேண்டியிருந்தது. மூன்றாம் நிமிஷத்தில் தூங்கிவிடும் பல் மருத்துவர் கடைசிவரை விழித்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் நேராக என்னிடம் வந்தார்.

“ஐயா, ஆறாம் பாடத்துல என்ன சொல்லித் தர்றீங்க?”

“கவர் தர்றோம் பாஸ்டர்.”

“கவருக்குள்ள என்ன இருக்கு?”

“ஆறாம் பாடம் இருக்கு.”

“அதுல என்ன எழுதியிருக்கு?”

“அது கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் தெரியும்.”

“உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?”

“ஆச்சு பாஸ்டர். ஆனா வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. எங்களுக்குக் கவர் கிடையாது.”

அவர் “சரி, எனக்கு ஒண்ணு குடுங்க” என்று கை நீட்டினார். நான் உறையின் மேல் அச்சடித்திருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அவர் இன்னும் கல்யாணம் ஆகாதவர். நல்ல மனுஷன், நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு யோசித்து, “பெரிய போதகருக்குக் குடுத்த சத்தியத்துலேருந்து உங்களை விடுவிக்கிறேன். நீங்க போய் வாசிங்க. வேதத்துக்கு உட்பட்டு இருக்கான்னு மட்டும் சொன்னாப் போதும்” என்றார். அங்கி மாற்றும் அறைக்குள் நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

★ அத்தான், தாங்கள் உட்கார்ந்திருந்தால் நல்லது. அக்கா, கண்ணைத் திறந்திருந்தால் மூடு. உறையைக் கிழித்தேன். தாளை விரித்தேன். அதில் இருந்தது தங்கள் கையெழுத்து அல்ல. என் மனைவியின் கையெழுத்து. இருந்தது இதுதான், ஒரு புள்ளி மாற்றாமல் எழுதுகிறேன்: “வெள்ளைத் துணிகளைத் தனியாகப் பிரிக்கவும். பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் கூடாது. சோப்புத் தூள் ஒரு கை, அதிகம் வேண்டாம். அரை மணி நேரம் ஊற வேண்டும். ஊறும்வரை இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும், ஒருவரும் எழுந்து போகக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறவும். கறை பட்டால் அன்றைக்கே கவனிக்கவும், நாள் போனால் போகாது. நிழலில் உலர்த்தவும். சனிக்கிழமை தவறக் கூடாது. ஒருவர் மட்டும் செய்தால் முதுகு போய்விடும்.” அவ்வளவுதான், அத்தான். அந்த நாளில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைக்கும் பொறுப்பு என் மனைவியிடம் இருந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அவள் எழுதி வைத்த துவைக்கும் முறையும் தாங்கள் எழுதிய ஆறாம் பாடமும் என் மேசைமேல் ஒரே இரவைக் கழித்திருக்கின்றன. காலையில் நான் தப்பான தாளை எடுத்துப் போயிருக்கிறேன். தலைப்பை இயந்திரம் வெட்டியிருக்க வேண்டும். பக்கத்திலேயே உட்காரச் சொன்னது, நாய் அங்கியை இழுத்துப் போய்விடும் என்பதற்காக இருக்கும். தாள் மாறிப்போனதைக்கூடப் பார்க்காத ஒரு மெய்ப்புப் பார்ப்பவன், அத்தான்! அறுபத்து மூன்று தம்பதிகள்!

வெளியிலிருந்து குரல் வந்தது. “என்ன ஐயா, வேதத்துக்கு உட்பட்டு இருக்கா?”

“விரோதமா ஒண்ணும் இல்ல பாஸ்டர்.”

“சுத்தத்தைப் பத்தி இருக்கா?”

“அதைப் பத்தி மட்டும்தான் பாஸ்டர் இருக்கு.”

“மேலோட்டமாவா, விவரமாவா?”

“படிப்படியா இருக்கு.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆனால் பொய்யே சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அந்தப் பதில்களைக் கேட்டு உள்ளம் பூரித்துப்போன போதகர், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்று தம்பதிகளுக்கும் சபைக் கூடத்தில் மதிய விருந்து ஏற்பாடு செய்துவிட்டார். வகுப்பின் இருபத்தைந்தாம் வருஷத் தொடக்கமாம். விருந்துக்குப் பிறகு தம்பதி தம்பதியாக எழுந்து, ஆறாம் பாடம் தங்கள் வாழ்க்கையில் செய்த நன்மை என்ன என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். பேசலாகாது என்ற கட்டளையை அன்று ஒருநாள் அவரே தளர்த்துகிறாராம். ஒலிபெருக்கியில், அத்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. தெருவில் போகிறவர்களும் பயன்பெற வேண்டுமாம்.

அன்றைக்கே நான் வகுப்பை இழப்பேன். அது போகட்டும். இத்தனை குடும்பங்களை இத்தனை நுட்பமான விஷயத்தில் வழி தவற விட்டவன் என்று தெருவில் எப்படி நடப்பேன்? சேதம் எவ்வளவு என்றாவது தெரிந்துகொள்வோம் என்று போன சனிக்கிழமை நாலு மணிக்குப் பல் மருத்துவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். முன்கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் போனால், அவரும் மனைவியும் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனமாகச் சிரித்துவிட்டுச் சட்டென்று உதறினார்கள். எனக்கு முகமெல்லாம் தெறித்தது.

“அண்ணே, மன்னிச்சிக்கோங்க. சனிக்கிழமையாச்சே” என்றார் மருத்துவர்.

“வாரா வாரமா?” என்றேன்.

“நீங்க குடுத்த பாடம்தானே அண்ணே. பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு, அதனால பேசல. ஒரு வாரம் விட்டதில்ல.”

“உள்ள மெஷின் இருக்கே, மேல பூச்சாடி வெச்சிருக்கீங்களே?”

“அது வண்ணத் துணிக்கு” என்றாள் அவர் மனைவி. பிறகு துணியால் வாயை மூடிக்கொண்டு, “அண்ணே, ஒரு சந்தேகம். இத்தனை வருஷமா கேக்கணும்னு இருக்கேன். ஊற வைக்கிற அரை மணி நேரம் உக்காரணும்னு இருக்கே. அப்ப என்ன பண்ணணும்னு போடலையே? நாங்க சும்மா பேசிக்கிட்டு இருப்போம். அது சரிதானா?”

“எதைப் பத்தி?”

“எல்லாத்தையும் பத்திதான். வாரம் முழுக்க இவர் மேல இருக்கிற கோவத்தை எல்லாம் அப்பதான் சொல்லுவேன். எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு போட்டிருக்கில்ல, வேற வழியில்லாம கேப்பாரு. அரை மணி முடியறதுக்குள்ள சிரிப்பு வந்துடும்.”

★ “அதுக்கப்புறம்?” என்று கேட்டுவிட்டேன், அத்தான். ஒரு விசாரணை அதிகாரியின் மனநிலையில்தான் கேட்டேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதுக்கப்புறம் என்ன அண்ணே, மத்ததெல்லாம் தானா வரும்” என்று மருத்துவர் சொன்னதும் அவள் ஈரத்துணியால் அவரை அடித்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை. விடைபெற்றுக்கொண்டேன்.

அடுத்துப் பேருந்து ஓட்டுநர் வீடு. பதினொரு வருஷம். நான் விஷயத்தை எடுக்கவே இல்லை. அந்த ஆள் என்னைக் கண்டதும் வாசலிலேயே பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “அண்ணே, உங்க முகத்தைப் பாத்தா தெரியுது. தெரிஞ்சிடுச்சா?” என்றார். “என்ன?” என்றேன். “ஒரே ஒரு தடவைதான். குளிர் நாள். கை விறைச்சுப் போச்சு. அவதான் சொன்னா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்...” அந்த ஆறடி மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காதோடு சொன்னார்: “வெந்நீர்.” எட்டு வருஷமாக மனசில் வைத்துப் புழுங்கியிருக்கிறார். நான் என்ன செய்ய முடியும்? தோளைத் தட்டி, இனிமேல் செய்யாதீர்கள் என்றேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி ஆசிரியர் வீட்டில் இன்னும் மோசம். கணவனும் மனைவியும் கற்றவர்கள். வெள்ளைத் துணி என்பது ஆத்துமா, சோப்புத் தூள் என்பது பொறுமை, நிழல் என்பது மாமியார் கண்ணில் படாத இடம் என்று நாற்பது பக்கத்துக்கு விளக்கவுரை எழுதி வைத்திருக்கிறார்கள். அணிந்துரை கேட்டார்கள். அதையும் மீறி, ஆத்துமாவை ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளியில் ஊறவைத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

★ ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். ஒன்பதிலும் கொடியில் வெள்ளை. சண்டை என்று சபைக்கு வந்த பஞ்சாயத்துகளின் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். இந்த அறுபத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. வந்தவை எல்லாம் வகுப்புக்கு முன் மணமானவர்களுடையவை. மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அத்தான், கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. ஞானஸ்நானப் பதிவேட்டின்படி இவர்களுக்கு மொத்தம் நூற்றுப் பதினேழு பிள்ளைகள். துவைக்கும் முறையை மட்டும் வைத்துக்கொண்டு இது எப்படி நடந்தது என்று எண்ண எண்ண எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. கிருபை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் நம் வீட்டுப் பிரச்சினை வேறு. தங்கள் மருமகளுக்கும் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைப் பிள்ளைக்கும் விருந்துக்கு மூன்றாம் நாள், புதன்கிழமை கல்யாணம் என்று அறிவீர்கள். அறுபத்து நான்காவது தம்பதி. என் வகுப்பில்தான் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் பெஞ்சின்மேல் பாட்டுப் புத்தகம். பெரிய எழுத்துப் பதிப்பு, அகலம் அதிகம். போன செவ்வாய்க்கிழமை ஆறாம் பாடம். இன்னும் தயாராகவில்லை, பிறகு தருகிறேன் என்றேன். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் செவிலி.

“அப்பா, இன்னைக்கு மட்டும் மூணு பிரசவம் பாத்துட்டு வந்திருக்கேன். எனக்கு என்ன கவர்ல போட்டுத் தரப் போறீங்க?”

“அதெல்லாம் முடிவும்மா. நான் சொல்றது தொடக்கம்.”

“தொடக்கத்தைப் பத்தித்தான் திங்கக்கிழமை திங்கக்கிழமை இருபது பொண்ணுங்களுக்கு வகுப்பு எடுக்கறேன். படம் போட்டு.”

மூக்குக்கண்ணாடிப் பிள்ளை பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சிவந்துபோய், “மாமா, கவர் குடுத்துடுங்க மாமா. எல்லாரும் அதைப் பத்தி நல்லவிதமாச் சொல்றாங்க” என்றான். “யார் சொன்னது? பேசக் கூடாதே!” என்றேன். “பேசல மாமா. கேட்டா சிரிக்கறாங்க” என்றான்.

ஆகவே, அத்தான், காலில் விழுந்து கேட்கிறேன். தங்கள் மூலப்பிரதி எங்கே போனதோ தெரியாது. என் மனைவியிடம் கேட்கலாம் என்றால், அந்தத் தாள் எங்கே என்று கேட்டால் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்பாள். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை. புதிதாக எதற்கு? தாங்கள் எழுதியது நினைவில் இருக்கும் அளவுக்கு மறுபடி எழுதி, வருகிற சனிக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். அறுபத்து நான்கு உறை வாங்கி வைத்துவிட்டேன். அச்சகத்து முறைப்படி ஒரு பிழைதிருத்தச் சீட்டும் தயார்: “முன்பு வழங்கிய தாளில் ‘வெள்ளை’ என்பது முதல் ‘போய்விடும்’ என்பது ஈறாக உள்ளவற்றை நீக்கி, இத்துடன் உள்ளதைச் சேர்த்து வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.” விருந்துக்கு முன் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவிடுவேன். இருபத்து நான்கு வருஷப் பிழையை ஒரு நாளில் திருத்திவிடலாம். என் மானமும் வகுப்பும் தங்கள் பேனாவில் இருக்கின்றன.

தங்கள் கண்ணுக்கும் அக்காவின் முழங்காலுக்கும் எங்கள் ஜெபத்தில் தனித்தனியாக இடம் உண்டு. கர்த்தர் தங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வைத்துக் காப்பாராக. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் இந்தக் கடிதத்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பின்குறிப்பு: அக்கா, இதை அத்தானுக்கு வாசிக்காதே. இது உனக்கு.

எப்போதும்போல் நலம் விசாரித்து ஒரு வரி எழுதச் சொல்லிக் கடிதத்தை உன் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். நட்சத்திரம் போட்டதைத் தாண்டிவிடு என்று சொல்லித்தான் கொடுத்தேன். நட்சத்திரம் போட்டதைத்தான் முதலில் வாசித்திருக்கிறாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏங்க, எந்தப் பாடகர் குழு அங்கிக்குங்க புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துல உக்காரணும்னு எழுதுவாங்க?” என்றாள்.

“நாய்...” என்றேன்.

“நாயும் இல்ல, நரியும் இல்ல. தலைப்பும் வெட்டுப்படல. தலைப்பே கிடையாது.”

அந்த வியாழக்கிழமை நான் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது நீ எங்கள் வீட்டுக்கு வந்தாயாமே, அக்கா. அத்தான் எழுதியதை நீ முன்பே வாசித்திருந்தாயாமே. “மூணு பக்கம். ரெண்டே முக்கால் பக்கம் மன்னிப்பு. கடைசிக் கால் பக்கத்துல ஒரு பூ, ஒரு வண்டு. வண்டு வந்து உக்கார்றதுக்குள்ள ‘மற்றவை தாமே விளங்கும்’னு முடிச்சிட்டாரு” என்றாள் இவள். அதை நீதான் அடுப்பில் போட்டாயாம். இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து புதுத்தாள் எழுதினீர்களாம். நீ சொல்லச் சொல்ல இவள் எழுதினாளாம். “உங்க அக்காதான் சொன்னாங்க. ‘எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆகி என்கிட்ட முகம் பாத்துப் பேசவே ஆறு மாசம் ஆச்சு. மத்ததெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம், பேசத்தான் சொல்லித்தரணும். ஆம்பளைங்க சும்மா உக்காந்து பேச மாட்டாங்க. ஏதாவது ஒண்ணு ஊறிக்கிட்டு இருந்தா உக்காருவாங்க’ன்னு.” ஆக, அந்தத் தாள் மாறவே இல்லை. என் வாழ்க்கையில் பிழையே இல்லாமல் வெளியான பிரதி அது ஒன்றுதான். அதைத்தான் திருத்தப் பார்த்தேன்.

“சபையில எல்லா ஆம்பளையும் துவைக்கிறான்” என்றாள். “நம்ம வீட்டுல மட்டும் முப்பத்தொரு வருஷமா நான் ஒருத்திதான். முதுகு போயிடும்னு எழுதினதே நான்தான்.” எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தாள். பழுப்பேறியிருந்தது. ஒட்டியபடியே இருந்தது. மேலே எங்கள் இருவர் பெயரும் அவள் கையெழுத்தில்.

“இத்தனை வருஷமா ஏன் தரல?”

“நீங்கதானே வாத்தியாரு. ஒருநாளாவது எங்களுக்கு ஒண்ணு இல்லையான்னு கேப்பீங்கன்னு பாத்தேன்.”

உறையை வாங்கிக்கொண்டேன், அக்கா. ஆகையால் மேலே கேட்ட எதையும் அனுப்ப வேண்டாம். அத்தானிடம் என் உடல்நலம் பற்றி ஏதாவது வாசித்துக் காட்டிவிடு. பிழைதிருத்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். மகளுக்கும் அதே தாள்தான். சாட்சி விருந்து நடக்கட்டும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். போதகர் என்ன செய்தாலும் செய்யட்டும். அவருக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும், அப்போது அவருக்கும் ஓர் உறை வேண்டியிருக்கும்.

இன்று சனிக்கிழமை. பின்கட்டில் வாளி நிரம்பும் சத்தம் கேட்கிறது. பச்சைத் தண்ணீர்தான். இரண்டு முக்காலி எடுத்துப் போட்டுவிட்டாள். அரை மணி நேரம், அக்கா! எழுந்து போகக் கூடாதாம். அவளுக்குக் குழாயில் தொடங்கிச் சொல்ல நிறைய இருக்கிறதாம். என் முறை வரும்போது நான் என்ன பேசுவது? இந்த வாரத்துக்கு உன் முழங்காலைப் பற்றிப் பேசிச் சமாளித்துக்கொள்கிறேன். பிறகு என்ன பேசுவது என்பதை மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குள் எழுது.